திரை தடுமாறும் நேரம்

கணிப்பொறி கெட்டுவிட்டது என்று சொல்வது, உடம்பு சரியில்லை என்று சொல்வது போன்றதாகும். எங்கே, எப்போது என்று கேட்டால்தான் வைத்தியம் தொடங்கும்.

எங்கள் துறை ஆய்வகத்தில் ஆறு கணிப்பொறிகள் உள்ளன. அவற்றுள் சன்னலோரத்தில் இருந்த ஒன்று சென்ற மழைக்காலத்தில் ஒரு விசித்திர நோய்க்கு ஆளாயிற்று. காலையில் பொத்தானை அழுத்தினால் திரையில் எழுத்துகள் மாறித் தோன்றும். சில நாள் கோடுகளும் விழும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து மீண்டும் போட்டால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்யும். பார்த்தவரெல்லாம் "மானிட்டர் போய்விட்டது" என்றனர். கழிவு செய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலில் அதன் எண்ணையும் எழுதியாயிற்று. ஈடாகப் புதியது வர எத்தனை கல்வியாண்டு கழியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபது பேர் உள்ள எங்கள் வகுப்பில் கணிப்பொறி ஒன்றுக்குப் பத்துப் பேர் என்பது பன்னிரண்டு பேர் ஆகும்.

அப்போது எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து. "கோளாறு எந்த நேரத்தில் தெரிகிறது? விண்டோஸ் வருவதற்கு முன்னரா, பின்னரா?" எங்களுள் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.

மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லு. பயாஸ் எனப்படும் நிரல் அதில் குடியிருக்கிறது. அது நினைவகத்தையும் திரைக்குரிய மின்சுற்றையும் சோதித்துவிட்டுத்தான் வட்டிலிருந்து விண்டோஸை அழைத்து வரும். விண்டோஸ் வந்த பிறகே டிரைவர் என்னும் மென்பொருள் திரையின் பொறுப்பை ஏற்கிறது. ஆகவே, முதல் பக்கத்திலேயே திரை தடுமாறினால் டிரைவர் மீது பழி போடுவதற்கில்லை. விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவதும் வீண் வேலை. (அதையும் நாங்கள் ஒருமுறை செய்து அரை நாளை இழந்தோம்.) முதல் பக்கம் தெளிவாக இருந்து, விண்டோஸ் வந்தபின் மட்டும் தடுமாறினால் 'சேஃப் மோடில்' திறந்து பார்க்க வேண்டும். அங்கே எளிய பொது டிரைவர் மட்டுமே இயங்கும். கோளாறு மறைந்துவிட்டால், பழைய டிரைவரை நீக்கிச் சரியானதை ஏற்றினால் போதும்.

அடுத்து, மானிட்டர் குற்றவாளியா என்பது. அதன் விளிம்பில் உள்ள பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் கூட்டவும் குறைக்கவும் ஒரு பட்டியல் தோன்றுமே, அதை வரைவது மானிட்டரேயன்றிக் கணிப்பொறி அன்று. படம் சிதைந்திருக்கையில் அப்பட்டியல் மட்டும் துல்லியமாக நின்றால் மானிட்டர் நிரபராதி. கோடு பட்டியலையும் வெட்டிச் சென்றால் நோய் மானிட்டரில்தான்.

கம்பியையும் மறக்கலாகாது. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. இணைப்பில் 15 ஊசிகள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் தனி ஊசி. நீல ஊசி வளைந்தால் வெள்ளைத் திரை மஞ்சளாகும். பச்சை போனால் கருஞ்சிவப்பாகும். ஒன்பதாம் ஊசி பல கம்பிகளில் பிறவியிலேயே இராது; அதைக் கண்டு பதற வேண்டாம்.

எங்கள் கணிப்பொறியில் மானிட்டரின் பட்டியல் தெளிவாக நின்றது. கம்பியை மாற்றினோம், பயனில்லை. விண்டோஸ் வருமுன்னரே எழுத்துகள் மாறின. கூர்ந்து பார்த்தால், 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய சில இடங்களில் 'சி' நின்றது; 'பி' மாறவேயில்லை. இதில்தான் துப்பு இருந்தது. கணிப்பொறிக்கு 'ஏ' என்பது 65, 'பி' 66, 'சி' 67. இரும எண்ணில் 65 என்பது 1000001. 66 என்பது 1000010. வலமிருந்து இரண்டாம் இலக்கம் எப்போதும் 1 ஆகவே சிக்கிக்கொண்டால் 65 என்பது 1000011, அதாவது 67 ஆகிவிடும். 66இல் அவ்விடத்தில் ஏற்கெனவே 1 இருப்பதால் மாற்றமில்லை! திரைக்கெனத் தனி அட்டை இல்லாத கணிப்பொறி, பொது நினைவகத்தில் ஒரு பங்கைக் கடன் வாங்கித்தான் படத்தை வைத்துக்கொள்கிறது. ஆதலால் நினைவக அட்டையின் தொடுமுனை ஒன்று சரியாகப் படியாவிட்டால் அது திரையில் எழுத்துப் பிழையாக வெளிப்படும். சன்னல் வழியே வந்த சாரலின் ஈரம் அம்முனைகளில் படிந்திருக்க வேண்டும். சிறிது நேரம் ஓடிச் சூடேறியதும் சரியானதற்கும் அதுவே காரணமாகலாம்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கினோம். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கொண்ட பிறகே அட்டைகளைக் கழற்றினோம். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் அவற்றைக் கெடுத்துவிடும். பொன்னிறத் தொடுமுனைகளை மென்மையான பென்சில் ரப்பரால் தேய்த்து, துகளைத் தட்டி, இருபுறக் கொக்கிகளும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்தினோம். செலவு, ஒரு ரப்பரின் விலை. இந்தத் துணிச்சலைப் பழைய குழாய் மானிட்டரிடம் மட்டும் காட்டாதீர்கள். வண்ணக் குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு, அணைத்த பின்னும் அது தேங்கி நிற்கக்கூடும்.

மறுநாள் காலை முதல் பக்கம் பிழையின்றி வந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, துறைத்தலைவர் பட்டியலில் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்தார். சன்னலோரத்தில் இப்போது நாற்காலி மட்டும் கிடக்கிறது; கணிப்பொறியை உட்சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டோம்.