ஒரே வருஷம், ஐந்து கடல்வழி: கல்கத்தா பாரிஸ்டரின் 1966

வருஷம் முடியப்போகிறது என்றால் வீட்டுக்கு வீடு ஒரு கணக்குப் பார்ப்பது வழக்கம். ஊருக்குப் போய்வந்தது எத்தனை தடவை, பூஜை விடுமுறையில் பூரிக்குப் போனதா டார்ஜிலிங் போனதா, லீவு எவ்வளவு மிச்சம், கடன் எவ்வளவு பாக்கி என்று லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கணக்கைப் பார்க்கத்தான் செய்கின்றன.

இதே நகரத்தில் குடியிருந்த ஒரு பாரிஸ்டருக்கு 1966-ம் வருஷக் கடைசியில் கிடைத்த கணக்கு சற்று வித்தியாசமானது. ஏப்ரலில் பாக் ஜலசந்தி, ஆகஸ்டில் ஜிப்ரால்டர், செப்டம்பரில் டார்டனெல்ஸ், அதே மாதம் பாஸ்பரஸ், அக்டோபரில் பனாமாக் கால்வாய். இந்த ஐந்து இடங்களையும் அவர் கப்பலில் போய்ப் பார்க்கவில்லை, நீந்திக் கடந்தார்!

அவர்தான் மிஹிர் சென். கல்கத்தா ஹைகோர்ட்டில் வழக்காடியது அவர் தொழில். நீச்சல் அவருக்குச் சோறு போட்டதில்லை. ஐந்து நீச்சலில் முதலாவது நடந்தது நம் ராமேஸ்வரத்துக் கடலில் என்பதையும், அந்த ஐந்து என்ற எண்ணிக்கையைப் பிற்பாடு முறியடித்தவன் ஒரு சென்னைச் சிறுவன் என்பதையும் இங்குள்ள தமிழர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

இரவு நேரப் போர்ட்டர்

மிஹிர் சென் 1930-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி புருலியாவில் பிறந்தவர். தகப்பனார் டாக்டர் என்றாலும் வீட்டில் வசதி கிடையாது. சிறு வயதிலேயே குடும்பம் கட்டாக்கிற்குக் குடிபெயர்ந்தது. ஒரிஸ்ஸாவில் சட்டம் படித்து முடித்தவருக்கு, இங்கிலாந்து போய் பாரிஸ்டர் பட்டம் வாங்க வேண்டும் என்ற ஆசை. கையில் காசில்லை. பிற்காலத்தில் ஒரிஸ்ஸா முதல் மந்திரியான பிஜு பட்நாயக் உதவி செய்ய, 1950-ல் கப்பல் ஏறினார்.

லண்டனில் முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? ஒரு ரயில் நிலையத்தில் இரவு நேரப் போர்ட்டர் வேலை! பிறகு இந்திய ஹைகமிஷனின் ‘இந்தியா ஹவுஸி’ல் வேலை கிடைத்தது. பகலில் ஆபீஸ், இரவில் சட்டப் புத்தகம். ஊர் விட்டு ஊர் வந்து, வேலையும் பார்த்து, பரீட்சைக்கும் படித்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் புளோரன்ஸ் சாட்விக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1950-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த செய்தியை அவர் பத்திரிகையில் படித்தார். ஓர் இந்தியனால் ஏன் இது ஆகாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான நீச்சலே தெரியாது. இருபது வயதுக்கு மேல் ஒய்.எம்.சி.ஏ. குளத்தில் இறங்கிப் பாடம் கற்றுக்கொண்டார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. விடாமல் முயன்று, 1958 செப்டம்பர் 27-ந் தேதி 14 மணி 45 நிமிஷத்தில் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தார். அந்தச் சாதனையைச் செய்த முதல் இந்தியர் அவரே. அதே வருஷம் ஆகஸ்டில் டாக்காவைச் சேர்ந்த பிரஜென் தாஸ் கடந்து, ஆசியாவில் முதல்வர் என்ற பெயரை எடுத்திருந்தார். மறு வருஷம் 1959-ல் கல்கத்தாப் பெண் ஆரதி சாஹா அதே கால்வாயைக் கடந்து, ஆசியப் பெண்களில் முதல்வரானார். வங்காளிகளுக்கு அது ஒரு நீச்சல் காலம்!

இங்கிலீஷ் கால்வாயில் நீந்துகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கூடவே படகு வரலாம். படகிலிருந்து ஆகாரம் நீட்டலாம். ஆனால் நீந்துகிறவர் படகைத் தொட்டுவிட்டால் அதோடு முயற்சி முடிந்தது. நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போவதால், வரைபடத்தில் இருக்கும் தூரம் வேறு, கை வலிக்க நீந்தும் தூரம் வேறு.

பஞ்ச வருஷத்தில் ஒரு பந்தயம்

1966 நல்ல வருஷம் அல்ல. ஜனவரியில் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தி பதவிக்கு வந்தார். பிப்ரவரி, மார்ச்சில் மேற்கு வங்காளம் முழுவதும் உணவுப் போராட்டம். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூன் 6-ந் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. வெளிநாடு போய் நீந்துவதற்கு அதைவிடக் கெட்ட வருஷம் கிடைப்பது அரிது.

பணம் புரட்டுவதே முதல் நீச்சலாக இருந்தது. பாக் ஜலசந்தியில் வழிகாட்டவும் கண்காணிக்கவும் கடற்படைக் கப்பல்கள் வேண்டும். அதற்கு 45,000 ரூபாய் கட்ட வேண்டும். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையும் மற்றவர்களுமாகப் பாதித் தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். மீதிக்கு இந்திரா காந்தி ஏற்பாடு செய்தார். ‘சுகன்யா’, ‘சாரதா’ என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் துணைக்கு வந்தன.

தனுஷ்கோடியில் கரையேறினார்

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்க்கோட்டில் சுமார் 18 மைல்தான். 1914 முதல் ‘போட் மெயிலி’ல் போனவர்கள் தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கி, கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிய வழி அது. கொழும்புக்கும் தோட்டப் பகுதிகளுக்கும் பிழைக்கப் போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தக் கப்பல்களில்தான் போனார்கள், வந்தார்கள்.

ஆனால் மிஹிர் சென் நீந்தியபோது அந்தத் தனுஷ்கோடி இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ரயில் நிலையம், துறைமுகம், கோவில், தேவாலயம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி ஒன்று பயணிகளோடு கடலில் போயிற்று. பாம்பன் பாலமே சிதைந்து, பிறகு இரண்டு மாதத்துக்குள் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடி மட்டும் மறுபடி எழவில்லை. ஒன்றே கால் வருஷம் கழித்து, இடிந்த சுவர்களும் மணலும் மட்டுமே மிஞ்சிய அந்தக் கரையை நோக்கித்தான் அவர் நீந்தினார்.

1966 ஏப்ரல் 5-ந் தேதி இறங்கியவர் மறுநாள் 6-ந் தேதி கரையேறினார். மொத்தம் 25 மணி 36 நிமிஷம்! இங்கிலீஷ் கால்வாயில் எலும்பை உறைய வைக்கும் குளிர் எதிரி. பாக் ஜலசந்தியில் குளிர் கிடையாது. பகல் முழுவதும் முதுகைப் பொசுக்கும் வெயில், வாயை வேகவைக்கும் உப்பு, சொறி மீன், கடற்பாம்பு, சுறா, மணல்திட்டுகளுக்கு நடுவே திசை மாறி மாறி இழுக்கும் நீரோட்டம். கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நீரோட்டம் பின்னுக்குத் தள்ளும் இடம் அது. அப்போது அவருக்கு 35 வயது.

பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்த முதல் இந்தியர் என்று அவர் பெயர் பதிவாயிற்று. இந்தியர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் அவருக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1954 மார்ச்சில், யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறைச் சேர்ந்த நவரத்தினசாமி என்ற தமிழர் கோடியக்கரைக்கு நீந்தி வந்திருந்தார். அவருக்கு ஆனது 27 மணி நேரம். அவர் வந்தது இன்னும் வடக்கே உள்ள, அகலம் கூடிய பாதை.

எழுபது நாளில் நான்கு

ஏப்ரல் வெற்றிக்குப் பிறகு பலர் ஓய்ந்திருப்பார்கள். மிஹிர் சென் ஆகஸ்ட் 24-ந் தேதி ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையிலுள்ள ஜிப்ரால்டர் ஜலசந்தியில் இறங்கி, 8 மணி 1 நிமிஷத்தில் கடந்தார். அட்லாண்டிக் சமுத்திரம் மத்தியதரைக் கடலுக்குள் பாய்கிற வாசல் அது. நீரின் வேகம் சொல்லி முடியாது.

அடுத்து துருக்கி. ஆங்கிலக் கவி பைரன் 1810-ல் டார்டனெல்ஸை நீந்திக் கடந்து பெருமைப்பட்டது பிரசித்தம். பைரன் கடந்தது குறுக்கே. சென் நீந்தியது நெடுக! செப்டம்பர் 12-ந் தேதி சுமார் 40 மைலை 13 மணி 55 நிமிஷத்தில் முடித்தார். நெடுக நீந்தியவர்களில் உலகிலேயே அவர்தான் முதல்வர். ஒன்பதே நாள் கழித்து, 21-ந் தேதி, இஸ்தான்புல் நகரத்தின் ஊடே ஓடும் பாஸ்பரஸை 4 மணி நேரத்தில் கடந்தார்.

கடைசியாகப் பனாமா. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் சுமார் 50 மைல் நீளக் கால்வாய். கப்பல்களை மதகுத் தொட்டிகளில் அடைத்து, தண்ணீர் நிரப்பி, மாடிப்படி ஏற்றுவதுபோல் ஏற்றி மறுபக்கம் இறக்குவார்கள். 1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் அதை நீந்தியபோது, அவரையும் ஒரு கப்பலாகக் கணக்கிட்டு எடைக்குத் தக்கபடி 36 சென்ட் சுங்கம் வசூலித்தார்கள்! சென் அக்டோபர் 29-ந் தேதி தொடங்கி 31-ந் தேதி முடித்தார். நீச்சல் நேரம் 34 மணி 15 நிமிஷம். அமெரிக்கர் அல்லாதவர்களில் அதை நெடுக நீந்திய முதல் மனிதர் அவர்.

ஆகஸ்ட் 24-க்கும் அக்டோபர் 31-க்கும் நடுவே எழுபது நாள்கூட இல்லை. 1959-ல் பத்மஸ்ரீ கொடுத்த சர்க்கார், 1967-ல் பத்மபூஷண் கொடுத்தது. கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது.

முறியடித்தவன் தமிழ்ப் பையன்

ஒரே வருஷத்தில் ஐந்து என்ற சாதனை 28 வருஷம் நிலைத்தது. 1994-ல் சென்னையைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் என்ற பள்ளி மாணவன் ஏப்ரலில் பாக் ஜலசந்தியைக் கடந்தான். அப்போது அவனுக்கு 12 வயதுதான்! அதே வருஷம் இங்கிலீஷ் கால்வாயையும் கடந்து, ஒரே ஆண்டில் ஆறு என்று எண்ணிக்கையை உயர்த்தினான். 1996-ல் அவனுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கல்கத்தாக்காரர் தொடங்கிய கடலிலேயே தமிழ்ப் பையனும் தொடங்கியது பொருத்தம்தான்.

இந்தக் கடல் எல்லோருக்கும் இரக்கம் காட்டவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, திரும்பவும் தலைமன்னாருக்கே 51 மணி நேரத்தில் நீந்திப் போனவர். பாக் ஜலசந்தியை இருமுறை வென்ற அவரை 1984-ல் இங்கிலீஷ் கால்வாய் பலி கொண்டது.

வங்காளத்தில் அந்த மரபு அறுந்துவிடவில்லை. மூர்ஷிதாபாத் ஜில்லாவில் ஜங்கிப்பூரிலிருந்து பஹரம்பூர் வரை பாகீரதி ஆற்றில் 81 கிலோமீட்டர் நீச்சல் போட்டி புகழ்பெற்றது. ஹூக்ளி ஜில்லாவின் புலா சௌதுரி இங்கிலீஷ் கால்வாயை இரண்டு தடவை கடந்து, பாக் ஜலசந்தியையும் கடந்தார். சிறு வயதில் ரயில் விபத்தில் இரு கால்களையும் இழந்த மசூதுர் ரஹ்மான் பைத்யா 1997-ல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தபோது அசந்து போகாதவர்கள் இல்லை.

கணக்கு மறந்த கதை

மிஹிர் சென் பிற்பாடு பட்டு ஏற்றுமதித் தொழிலில் இறங்கி நன்றாகவே இருந்தார். ‘எக்ஸ்ப்ளோரர்ஸ் கிளப்’ என்ற சங்கத்தை அமைத்து, இளைஞர்களைச் சாகசப் பயணங்களுக்குத் தூண்டினார். 1969-ல் பினாகி சட்டர்ஜியும் ஜார்ஜ் ட்யூக்கும் துடுப்புப் படகிலேயே கல்கத்தாவிலிருந்து அந்தமான் போய்ச் சேர்ந்தது அந்தச் சங்கத்தின் ஆதரவில்தான்.

1977-க்குப் பிறகு தொழில் நொடித்தது. அதைவிடக் கொடுமை, ஐம்பதுகளின் வயதிலேயே ஞாபக சக்தி போகத் தொடங்கியது. ஒரே வருஷத்தில் ஐந்து இடங்களைக் கடந்த மனிதருக்கு, அந்த வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும் பாக்கியம் முதுமையில் இல்லாமல் போயிற்று. 1997 ஜூன் 11-ந் தேதி கல்கத்தாவில் காலமானார். வயது 66.

அவருக்காக அந்தக் கணக்கை வைத்திருக்க வேண்டியது மற்றவர்கள் பொறுப்பு. பிறக்கும்போதே மீனாகப் பிறந்தவரல்ல அவர். வயது வந்த பிறகு, வேலைக்கும் படிப்புக்கும் நடுவே, ஒரு பொதுக் குளத்தில் இறங்கிக் கற்றுக்கொண்டவர். லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ரவீந்திர சரோவர் இருக்கிறது. அங்கே நீச்சல் கிளப்புகளும் இருக்கின்றன. பிள்ளைகளை ஒரு கோடை விடுமுறையில் கொண்டு விடுவதற்குப் பெரிய செல்வம் வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது ராமேஸ்வரம் போகிறவர்கள் பலர். 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலமும் திறக்கப்பட்டது ஓர் ஏப்ரல் 6-ந் தேதியில்தான். 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடும் இருக்கிறது. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டி, புயல் கதையைச் சொல்லாதவர் கிடையாது. அப்படியே கடல் பக்கம் கையைக் காட்டி, நாம் குடியிருக்கிற கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு பாரிஸ்டர் இந்தத் தண்ணீரில் இருபத்தைந்தரை மணி நேரம் நீந்தி இங்கே கரையேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.