கல் படியில் ஒரு ராத்திரி

"பாஷை புரியாத பாட்டை நடுராத்திரி வரைக்கும் கல்லு மேல உட்கார்ந்து கேட்கணுமா?" என்று இவர் முணுமுணுத்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இத்தாலியில் மிலான் நகரில் வேலை பார்க்கும் எங்கள் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தோம். கூட வேலை செய்யும் ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்னதிலிருந்து, அப்பாவும் பெண்ணும் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ என் பெண்ணே இல்லை" என்று இவர் போனில் கத்தியது என் காதை விட்டுப் போகவேயில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்! அந்த நிலைமையில்தான் அவள் மூன்று டிக்கெட் வாங்கி வந்து நின்றாள்.

ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் வெரோனா. ஊர் நடுவில் பிரம்மாண்டமான கல் அரங்கம். முதலாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. 1117ல் வந்த பூகம்பத்தில் வெளிச்சுவர் பெரும்பாலும் இடிந்துவிட்டது. உள்ளே படிகள் மட்டும் இன்றும் கெட்டியாக இருக்கின்றன. இசை மேதை வெர்டி பிறந்த நூறாம் ஆண்டைக் கொண்டாட, 1913ல் அவருடைய 'அய்டா' இசை நாடகத்தை இங்கே நடத்தினார்களாம். யுத்த காலங்களில் நின்றாலும், கோடை வந்தால் இங்கே பாட்டுதான். நாங்கள் பார்த்ததும் அதே 'அய்டா'.

மேல் படிகளில் டிக்கெட் மலிவு. ஆனால் பகல் வெயிலில் காய்ந்த கல், ராத்திரியிலும் சுடுகிறது. வாடகைக்குக் குஷன் கிடைக்கும், வாங்கிக்கொள்வது நல்லது. நேரமாக ஆகக் குளிரும், சால்வை அவசியம். நாங்கள் வெளியே பூங்கா பெஞ்சிலேயே புளியோதரையை முடித்துக்கொண்டோம்!

இருட்டியதும் சுற்றிலும் சின்னச் சின்ன மெழுகுவத்திகள். கார்த்திகை ராத்திரி மாதிரி இருந்தது.

கதையை ரயிலிலேயே பெண் சொல்லியிருந்தாள். எத்தியோப்பிய ராஜகுமாரி அய்டா, எகிப்தில் அடிமை. எதிரிப் படைத் தளபதி மேல் அவளுக்குக் காதல். மூன்றாவது அங்கம், நைல் நதிக்கரை. கைதியாக வந்த அவள் அப்பா, தளபதியிடமிருந்து படை போகும் வழியைக் கறந்து சொல்லச் சொல்கிறான். அவள் மாட்டேன் என்கிறாள். உடனே, நீ என் மகளே இல்லை என்று உதறித் தள்ளுகிறான்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவா, மனசுக்குப் பிடித்தவனா என்று அவள் காலடியில் விழுந்து தவிக்கிற தவிப்புக்குப் பாஷை எதற்கு? மெள்ளத் திரும்பிப் பார்த்தேன். இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெண் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் அவள் பணிந்துபோகிறாள். ரகசியத்தைச் சொன்ன குற்றத்துக்காகத் தளபதியை உயிரோடு கல்லறையில் அடைக்கிறார்கள். அவனுக்கு முன்பே அவளும் அங்கே போய் ஒளிந்திருக்கிறாள். இருவரும் சேர்ந்து சாகிறார்கள்.

முடிந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. படி இறங்கும்போது என் முழங்கால் மடங்க மறுத்தது. இவர் முன்னால் இறங்கி, எனக்கு ஒரு கை, பெண்ணுக்கு ஒரு கை கொடுத்தார். சதுக்கம் தாண்டும் வரை பேச்சில்லை. அப்புறம், "அந்தப் பையன் சைவமாம்மா?" என்றார்.

"இல்லப்பா."

"பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லு. அம்மா சாம்பார் வைப்பா."

பெண் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, சம்மதம் என்று இவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சாம்பாருக்குத் துவரம்பருப்பு தேடி மிலான் முழுக்க அலைந்தவர் இவர்தான்!