குடலில் நிற்கும் மருந்து, குருதியில் ஏறும் மருந்து

தேசியக் குடற்புழு நீக்க நாளான பிப்ரவரி 10 அன்று பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் மென்று விழுங்கும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையில், நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவானதே குருதியில் சேர்கிறது. எஞ்சியது குடலிலேயே நின்று புழுக்களைக் கொன்றுவிட்டு மலத்தோடு வெளியேறிவிடுவதால், லேசான வயிற்றுவலி, குமட்டல் ஆகியவற்றைத் தாண்டிய தொல்லை இந்த ஒற்றை மாத்திரையால் வருவது அரிது.

பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும்போது, குடலில் நிற்கும் மருந்தால் பயனில்லை. அப்போது இதே மாத்திரையை நெய்யோ எண்ணெயோ தாராளமாகச் சேர்ந்த உணவோடு நாள்தோறும் இருவேளை உட்கொள்ளச் சொல்கின்றனர். கொழுப்பில் கரைந்து குடற்சுவரைக் கடக்கும் அல்பெண்டசோலைக் கல்லீரல், சல்பாக்சைடு எனப்படும் வேறொரு வடிவாக மாற்றுகிறது. திசுக்களில் உள்ள புழுவைத் தாக்குவது அதுதான். வெறும் வயிற்றில் உண்பதைவிடக் கொழுப்புணவோடு உண்ணும்போது குருதியில் அதன் அளவு ஏறத்தாழ ஐந்து மடங்குவரை உயர்கிறது.

உயர்ந்த அளவு நாள்கணக்கில் நீடிக்கும்போது கல்லீரல் நொதிகள் ஏறலாம், தலைமுடி உதிரலாம், அரிதாக எலும்பு மச்சை தளர்ந்து வெள்ளணுக்கள் குறையலாம் என்பதால், நீண்ட சிகிச்சையில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்கின்றனர். உடன் உண்ணும் மருந்துகளும் இந்த அளவை மாற்றுகின்றன: வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் அதை உயர்த்துகிறது, வலிப்புக்கான பெனிடாயின், கார்பமசெபைன் ஆகியன அதைக் குறைத்துவிடுகின்றன.

ஆயினும், சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்தில் நோயாளியை அச்சுறுத்தும் தலைவலி, வாந்தி, மீண்டும் தலைகாட்டும் வலிப்பு ஆகியவற்றைக் குருதியில் உள்ள மருந்தின் அளவைக்கொண்டு மட்டும் விளக்க முடியாது. உயிரோடிருந்தவரை உடலின் எதிர்ப்பாற்றலை ஏய்த்துவந்த இளம்புழு, சாகும்போது தன் புரதங்களைக் கசியவிட, அவற்றை எதிர்த்து எழும் அழற்சியே இத்தொல்லைகளுக்குப் பெரிதும் காரணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தையே மருந்தின் நஞ்சு என்று தவறாகக் கருதி, பாதியில் நிறுத்திவிடுவோரும் உண்டு. இந்த அழற்சியை முன்கூட்டியே அடக்குவதற்காக டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை அல்பெண்டசோலுக்கு முன்பே தொடங்குகின்றனர். கண்ணுக்குள் ஒரு புழு இருந்து அது அங்கேயே மடிந்தால் விழித்திரை பாழாகக்கூடும் என்பதால், முதல் மாத்திரைக்கு முன் கண் பரிசோதனையும் செய்யப்படுகிறது.