அணு உலையில் மெக்கானிக்கல்காரருக்கு என்ன வேலை?

1983 ஆகஸ்ட்டில் கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு குழாய் பிளந்தது. அணுப்பிளவில் எந்தக் கோளாறும் இல்லை. எரிபொருள் கட்டுகளையும் மிகுந்த அழுத்தத்தில் ஓடும் சூடான கனநீரையும் சுமந்தபடி படுக்கைவாக்கில் கிடந்த அந்தக் குழாய், ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்து, தன்னைச் சுற்றியிருந்த குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டுவிட்டது. தொட்ட இடம் ஆறியது. உலோகத்துக்குள் ஊறியிருந்த ஹைட்ரஜன் அங்கே வந்து திரண்டு கொப்புளம் கட்ட, சுவர் அந்த இடத்தில் நொறுங்கும் தன்மைக்கு வந்தது. இரு குழாய்களும் ஒட்டாமலிருக்க இடையில் மாட்டியிருந்த வளைய ஸ்பிரிங்குகள் இடம் நகர்ந்திருந்தன.

இயற்பியல் புத்தகத்தில் தேடினால் இந்த விபத்துக்கு விளக்கம் கிடைக்காது. க்ரீப், ஸ்ட்ரெஸ், வெப்பநிலை வேறுபாடு, விரிசல் என்று பி.இ. மெக்கானிக்கல் மாணவர்கள் செமஸ்டருக்கு செமஸ்டர் எழுதிக் கடக்கும் பாடங்களில்தான் இருக்கிறது.

கல்பாக்கத்துக்கும் இது அக்கரைச் செய்தி அல்ல. அங்கே 1984-லும் 1986-லும் வணிக உற்பத்தியைத் தொடங்கிய இரண்டு உலைகளும் இதே வகை. ஒவ்வொன்றிலும் இப்படிப்பட்ட குழாய்கள் 306. மனிதர் நெருங்க முடியாத இடத்தில் இருக்கும் குழாய்க்குள் அல்ட்ராசோனிக் கருவியை அனுப்பிச் சோதிக்கவும், நகர்ந்துபோன ஸ்பிரிங்குகளை வெளியிலிருந்தே பழைய இடத்துக்குத் தள்ளவும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியாளர்கள் கருவிகளை உருவாக்கினார்கள். 2002-ல் இரண்டாம் அலகை நிறுத்தி 306 குழாய்களையும் உருவிவிட்டு, ஜிர்கோனியம்-நியோபியம் கலவையில் செய்த புதிய குழாய்களைப் பொருத்தினார்கள். அடுத்து முதல் அலகிலும் அதே வேலை நடந்தது. நம் நாட்டு இயந்திரப் பொறியியலின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நம் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிளஸ் டூ முடிவு வந்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களுக்கு முட்டி மோதுகிறோம். ‘அணுசக்தித் துறை’ என்றால் அது இயற்பியல் மேதைகளின் உலகம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் இந்திய அணுமின் நிலையங்களைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவரான எம்.ஆர். சீனிவாசன் மெக்கானிக்கல் பட்டதாரி. 1950-ல் பெங்களூருவில் பட்டம் பெற்றவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். அவருடைய சிறப்புத் துறை வாயு டர்பைன்! 1955-ல் அணுசக்தித் துறையில் சேர்ந்தார். 1967-ல் கல்பாக்கம் மின் நிலையத்தின் தலைமைத் திட்டப் பொறியாளர், 1987-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர். 2025 மே மாதம் ஊட்டியில் காலமானார்.

மெக்கானிக்கல் அறிவு எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதற்கு, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலையைப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் ‘கோர் லோடிங்’ எனப்படும் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கிய உலை அது. தண்ணீருக்குப் பதிலாக ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட திரவ சோடியம் வெப்பத்தைச் சுமக்கிறது. சோடியம் கொதிப்பது 883 டிகிரி செல்சியஸில். உலையை விட்டு அது வெளியேறுவது சுமார் 547 டிகிரியில். கொதிக்காமல் தடுக்க அழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை. அதனால் ஏறக்குறைய 13 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கலத்தின் சுவர் 25 முதல் 40 மில்லிமீட்டர்தான். இவ்வளவு பெரிய கலத்துக்கு இவ்வளவு மெல்லிய சுவரா என்று கேட்கத் தோன்றும். தடிமனாக்கினால் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு கூடி, அந்த வேறுபாடே உலோகத்தை வதைக்கும். மெலிதாக்கினால் நிலநடுக்கத்தில் நெளிந்துவிடுமோ என்ற பயம். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டுபிடிக்க இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஆண்டுக்கணக்காகக் கணக்குப் போட்டார்கள், மாதிரிகள் செய்து சோதித்தார்கள்.

நீராவி ஜெனரேட்டரில் இன்னும் கடினமான சவால். குழாய்க்கு உள்ளே மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும், வெளியே சோடியம். இரண்டும் சந்தித்தால் மூர்க்கமாக வினைபுரியும். நடுவே நிற்பது சில மில்லிமீட்டர் உலோகமும் வெல்டரின் கைவேலையும்தான். ஆகவே, அணு உலைக்குப் போக நினைக்கும் மாணவர் கல்லூரி வெல்டிங் ஷாப்பைத் துச்சமாக நினைக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்வேன். வெல்டிங்கை எக்ஸ்ரேயிலும் அல்ட்ராசோனிக்கிலும் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தத் துறையில் தனி மதிப்பு உண்டு.

அடுத்தது ஹீட் டிரான்ஸ்ஃபர். உலையை நிறுத்தினாலும் எரிபொருள் உடனே குளிர்வதில்லை. கூடங்குளம் அளவிலான உலை நிறுத்தப்பட்ட கணத்தில்கூடக் கிட்டத்தட்ட 200 மெகாவாட் வெப்பத்தைக் கக்கும். 2011-ல் ஃபுகுஷிமாவில் உலைகள் முறைப்படி நின்றன. இந்த மிச்ச வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல்தான் உருகின. 2004 டிசம்பர் சுனாமியில் கல்பாக்கம் பம்ப் ஹவுஸுக்குள் கடல்நீர் புகுந்தபோது, இயக்கத்தில் இருந்த இரண்டாம் அலகு பத்திரமாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தில் பம்பும் மின்சாரமும் இல்லாமலேயே வெளிக்காற்றில் வெப்பத்தை விடும் ஏற்பாடு இருக்கிறது. ‘கரண்ட் போனால் உலையை யார் குளிர்விப்பது?’ என்று கடலோர ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், அது ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் வரக்கூடிய அசல் கேள்வி. அதற்கு அவருக்குப் புரியும் தமிழில், எதையும் மறைக்காமல் பதில் சொல்லத் தெரிவதையும் இந்தப் படிப்பின் ஒரு பகுதியாகவே நான் பார்க்கிறேன்.

சேரும் வழிகளுக்கு வருவோம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957-லிருந்து இயங்குகிறது; கல்பாக்கத்திலும் 2006-லிருந்து ஒரு பள்ளி உண்டு. பி.இ.-யில் குறைந்தது 60 சதவீத மதிப்பெண் வேண்டும். கேட் (GATE) தேர்வு மதிப்பெண் அல்லது அவர்களே நடத்தும் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு. ஓராண்டுப் பயிற்சியில் அணு இயற்பியலையும் கதிர்வீச்சுப் பாதுகாப்பையும் அவர்களே சொல்லிக்கொடுத்து விடுவார்கள், உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் சயின்டிஃபிக் ஆபீசர் பதவி. குறைந்தது மூன்று ஆண்டு பணியாற்ற ஒப்பந்தம். நேர்முகத் தேர்வில் துருவுவது அடிப்படைகளைத்தான். கோச்சிங் சென்டர் சூத்திரங்களை மட்டும் நம்பிப் போகிறவர்கள் தடுமாறுவது அங்கேதான்.

உலைகளை இயக்கும் இந்திய அணுமின் கழகம் கேட் மதிப்பெண் அடிப்படையில் பயிற்சிப் பொறியாளர்களை எடுக்கிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் உதவித்தொகையுடன் பயிற்சி தந்து வேலை கொடுக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாசல். ஷிஃப்ட் வேலை, கட்டுக்காவல், அணுசக்தி ஊரகத்துக்குள் வாழ்க்கை ஆகியவை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு அளவு ஒவ்வொருவருக்கும் கணக்கு வைக்கப்படும். ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது.

அணுசக்தித் துறையின் நிறுவனங்கள் மட்டும்தான் என்றும் இல்லை. கனநீர் உலைகளுக்கான நீராவி ஜெனரேட்டர்கள் திருச்சி பெல் ஆலையில் தயாராகின்றன. 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்று 2025 மத்திய பட்ஜெட் இலக்கு வைத்தது. அப்போது கையில் இருந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இலக்கில் பாதியை எட்டுவதானாலும் கலம், பம்ப், வால்வு, குழாய் என்று வடிவமைக்கவும் வெல்டிங் செய்யவும் சோதிக்கவும் ஆள் வேண்டும். இப்போது இரண்டாம் ஆண்டில் ஸ்ட்ரெங்க்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படித்துக்கொண்டிருப்பவர்களிலிருந்துதான் அவர்கள் வந்தாக வேண்டும்.