மாலுக்குப் போறீங்களா? வயிற்றையும் ஒரு வார்த்தை கேளுங்க!

வேலூர் பக்கமிருந்து வருகிறீர்கள். காலையிலேயே பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கியாகிவிட்டது. சென்ட்ரலில் ரயிலோ ராத்திரிதான். நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடக்கிறது. அந்தக் காலத்தில் என்ன செய்வோம்? வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் உடம்பைச் சாய்ப்போம். இப்போது பிள்ளைகள் விடுவார்களா? "மாலுக்குப் போகலாம்ப்பா" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். போரூர் வழியாகப் போனால் வடபழனியில் 2013-ல் வந்த விஜயா மால். மதுரவாயல் வழியாகப் போனால் அமைந்தகரையில் 2009-ல் திறந்த ஸ்கைவாக். பேர் மாற்றி இப்போது ஸ்கைஒன் என்கிறார்கள். திருமங்கலம் பக்கம் திரும்பினால் 2018-ல் வந்த வி.ஆர். மால்.

தாராளமாகப் போய் வாருங்கள். வெயிலில் வேகாமல் குடும்பத்தோடு நாலு மணி நேரம் நடப்பது நல்ல விஷயம்தான். மறுநாள் எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் வந்து, "வயிறு கல்லு மாதிரி இருக்கு டாக்டர்", "ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று சொல்லாமல் இருந்தால் சரி.

மாலுக்குள் நுழைந்ததும் முதலில் தொலைவது பர்ஸில் இருக்கும் பணமல்ல, பொழுது! உள்ளே சூரியனும் தெரியாது, சுவர்க் கடிகாரமும் கண்ணில் படாது. நாலு பக்கமும் மூடி, முழுக்கக் குளிரூட்டிய இந்த மாதிரி வணிக வளாகத்துக்கு முன்னோடி, 1956-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறந்த சௌத்டேல். அதை வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன். என்ன வாங்க வந்தோம் என்பதையே மறந்து மனிதன் சுற்ற ஆரம்பிக்கும் அந்த நிலைக்கு, 'குரூன் மாற்றம்' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். நம்ம தமிழிலும் 'மால்' என்றால் திருமால் என்று ஒரு பொருள்; மயக்கம் என்று இன்னொரு பொருள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இந்த மயக்கத்தில்தான் பசி நேரம் தவறுகிறது. உச்சிப் பொழுது, பித்தம் ஓங்கி நிற்கும் நேரம். வயிற்றில் நெருப்பு நன்றாக எரியும்போது சாப்பிட வேண்டும். நீங்களோ பதினொரு மணிக்குப் பாப்கார்ன், பன்னிரண்டரைக்கு ஐஸ்கிரீம் என்று அந்த நெருப்பில் ஈர விறகைப் போட்டு அணைத்துவிடுகிறீர்கள். பிறகு மூன்று மணிக்கு, பசியே இல்லாமல், "வந்ததுக்கு ஏதாச்சும் சாப்பிடுவோம்" என்று ஆளுக்கொரு ஃப்ரைடு ரைஸ். இது வயிற்றுப் பசியா, கண் பசியா? பதார்த்த குண சிந்தாமணியில் வரும் நோயணுகா விதியில், உலகமே கைக்கு வந்தாலும் பசிக்காமல் உண்ண மாட்டோம் என்று தேரையர் சொல்லியிருக்கிறார். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தைப் புரட்டுங்கள். ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை. முன்னே தின்றது செரித்ததா என்று பார்த்துச் சாப்பிடு என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அதனால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். நாலு பேருக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். போதாவிட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கூடவே கோலா வேண்டாம். அரை லிட்டரில் சுமார் 50 கிராம் சர்க்கரை இருக்கிறது, அதாவது பத்து டீஸ்பூன்! வீட்டில் காபிக்கு இரண்டாவது ஸ்பூன் போட்டால் சண்டை போடுகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சர்க்கரை நோயாளிகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். காலையில் மாத்திரை போட்டாயிற்று. மனைவி புடவை பார்க்கிறார், மகள் செருப்பு பார்க்கிறாள், இவர் பை தூக்கிக்கொண்டு நிற்கிறார். மணி இரண்டரை. ஏ.சி.யிலும் வியர்க்கிறது, கை நடுங்குகிறது, கேட்ட கேள்விக்கு எரிந்து விழுகிறார். "அப்பாவுக்கு வழக்கமான கோபம்" என்று விட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். (ஆங்கில மருந்தைப் பற்றிச் சித்த வைத்தியருக்கு என்ன பேச்சு என்கிறீர்களா? எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதையும் சாப்பிடுகிறார்களே!) மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பாடு. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

அடுத்தது, பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம். பிரயாணம் என்றாலே நம்ம வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்ட் கக்கூஸை நினைத்தே தாகத்தை அடக்குவார்கள், பிறகு சிறுநீரையும் அடக்குவார்கள். சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம், கண்ணீர் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். தாகமும் சிறுநீரும் அதில் இருக்கின்றன. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, அடிவயிற்று நோவு என்று நூல்கள் அன்றே எச்சரித்தன. பெண்களுக்கு மூத்திரக் குழாய் குட்டை. கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியேற்றினால் அது கழுவப்பட்டுப் போகும்.

என்னைக் கேட்டால், மாலில் உருப்படியான வசதி அங்கே இருக்கும் சுத்தமான கழிப்பறைதான். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். மணிக்கொரு தரம் நாலு வாய் தண்ணீர். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள். கடுகெண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை. எரிச்சலோடு குளிர் ஜுரமும் இடுப்புக்கு மேல் முதுகு வலியும் வந்தால் வெந்தயம், இளநீர் என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இத்தனையும் சொல்லி, நீங்களும் தலையாட்டிவிட்டு, கடைசியில் வயிறு முட்டத்தான் தின்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். பிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கட்டும். அரை டீஸ்பூன் ஓமத்தை மென்று அந்த வெந்நீரைக் குடிக்கலாம். அடிக்கடி பிரயாணம் போகிறவர்கள் நாட்டு மருந்துக் கடையில் பஞ்ச தீபாக்கினி சூரணம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் சேர்ந்தது. வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு மட்டும் இது ஆகாது. மறுநாள் காலையில் குழைந்த கஞ்சியும் நீர்மோரும் போதும், இட்லிகூட மத்தியானத்துக்கு மேல்தான்.

ஒன்றே ஒன்று. சாப்பிட்டுவிட்டு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு நடுவே அழுத்துகிறது, இடது கையோ தாடையோ வலிக்கிறது, குப்பென்று வியர்க்கிறது என்றால், "வாயுத் தொல்லைதான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஓமமும் வேண்டாம், சூரணமும் வேண்டாம். அங்கேயே உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரயிலை நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.