மறைநீர்

ஒரு பொருளை ஆக்குவதற்குச் செலவாகி, ஆக்கிய பொருளிலே கண்ணுக்குப் புலப்படாது போகும் நீரை ‘மறைநீர்’ என்பர் அறிஞர். இலண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனி அலன் 1990களின் முற்பகுதியில் இக்கருத்தினை விளக்கினார். நீர்வளம் குன்றிய மத்திய கிழக்கு நாடுகள் பிறநாட்டுக் கோதுமையை வாங்கும்போது, அதனை விளைவித்த நீரையும் வாங்குகின்றன என்பது அவர் கண்ட உண்மை. 2002இல் ஒல்லாந்து அறிஞர் ஆர்யென் ஹுக்ஸ்ட்ரா ‘நீர்ச்சுவடு’ என்னும் அளவுமுறையை வகுத்தார்.

அம்முறைப்படி, உலகச் சராசரியாக ஒரு கோப்பைக் கோப்பிக்கு ஏறக்குறைய 130 லீற்றர் நீரும், ஒரு கிலோகிராம் அரிசிக்கு 2,500 லீற்றரும், ஒரு பருத்திச் சட்டைக்கும் அதேயளவும் செலவாகின்றன. இந்நீரின் பெரும்பகுதி பயிரின் வேர்வழிச் சென்று இலைவழி ஆவியாகின்றது.

ஆயின், எண்ணை மாத்திரம் கண்டு ஒரு பொருளை நன்றென்றோ தீதென்றோ துணிதல் பொருந்தாது. அந்நீர் எங்கிருந்து வந்தது என்பதே முதன்மையான வினா. மழையால் மண்ணிலே தங்கும் ஈரத்தைப் ‘பச்சை நீர்’ என்றும், ஆறு, குளம், கிணறு என்பவற்றினின்று எடுப்பதை ‘நீல நீர்’ என்றும் பகுப்பர். எமது மலைநாட்டுத் தேயிலை பெரும்பாலும் பச்சை நீரால் வளர்வது; தேயிலை இல்லாவிடினும் அம்மழையிற் பெரும்பங்கைக் காட்டு மரங்கள் உறிஞ்சியிருக்கும். நீல நீரோ பிறரும் வேண்டிநிற்கும் பொதுச் சேமிப்பினின்று எடுக்கப்படுவது.

இதற்கு ஆரல் கடலே சான்று. 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரியாக அது விளங்கிற்று. அதற்கு நீரூட்டிய அமு தாரியா, சிர் தாரியா ஆகிய ஆறுகளைச் சோவியத்து ஆட்சியினர் பருத்தி வயல்களுக்குத் திருப்பினர். 2007 அளவில் ஏரி பத்திலொரு பங்காகச் சுருங்கிற்று. மொய்னாக் என்னும் மீன்பிடித் துறையிலே கப்பல்கள் மணலிற் கிடந்தன.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இவ்வினா எழுதல் வேண்டும். இங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கற் படையினுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே எமது சேமிப்பு. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியற் கோட்பாடு. மேலே 1 அடி குறையின், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து 40 அடி உயரும் என்பதும் அதனாற் பெறப்படும்.

மாரிநெல் மழையை உண்பது. கோடையில் இறைத்து வளர்க்கும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்றை உண்பன. அவை மூட்டைகளாகத் தெற்கே செல்லுங்கால், எமது கிணற்றுநீரும் உடன் செல்கின்றது. துலாமிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது, இயந்திரமோ களைப்பதில்லை.

தோட்டஞ் செய்தல் தவறென்பது கருத்தன்று. எமது உழவர் உரத்திற்கும் எண்ணெய்க்கும் கூலிக்கும் கணக்கெழுதுவர், நீருக்கு எழுதுவாரிலர். மாரி முடிவிலும் ஆவணியிலும் தத்தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, ஆண்டுதோறும் குறித்துவருதல் மாணவர்க்கும் இயலும். மறைந்து செல்லும் நீரைக் கண்முன் நிறுத்தற்கு அக்குறிப்பேடே முதற்படியாம்.