அடுப்பே இல்லாத ஓட்டல்: கறி பிரியர்களுக்கு செட் ஆகுமா? சுகர் மாத்திரை போடுறவங்க கவனிக்க வேண்டியது என்ன?

ஞாயிற்றுக்கிழமை என்றால் உத்திரமேரூர் சுற்றுவட்டார கிராமங்களில் காலையிலேயே கறிக்கடை களைகட்டிவிடும். தமிழ்நாடே அப்படித்தான். 2014-ல் மத்திய அரசு நடத்திய மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 சதவீதம் பேர் அசைவம் சாப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒருவர், எண்ணெய் ஊற்றாமல், அடுப்பு பற்றவைக்காமல், பாலும் சேர்க்காமல் பரிமாறும் ஓட்டலில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கோவையில் 'நோ ஆயில் நோ பாயில்' என்ற பெயரிலேயே படையல் உணவகம் பிரபலமானது. தென்காசி மாவட்டம் சிவசைலத்தில் உள்ள நல்வாழ்வு ஆசிரமம் இயற்கை உணவை நெடுங்காலமாகப் பரப்பி வருகிறது. இப்போது வாட்ஸ்அப் வழியாக இந்தப் பேச்சு கிராமங்களுக்கும் வந்துவிட்டது. கூடவே "சுகர் போயிடும், மாத்திரையே வேண்டாம்" என்ற ஃபார்வர்டுகளும் வருகின்றன. அங்கேதான் சிக்கல்.

தட்டில் என்ன இருக்கும்?

ஊறவைத்த அவலில் தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் கலந்த சாதம், முளைகட்டிய பயறு, துருவிய கேரட், வேர்க்கடலையை அரைத்து எடுத்த பால், பேரீச்சம்பழத்தில் செய்த இனிப்பு. பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

ஒரு சின்ன உண்மை: அவல் முழுக்கப் பச்சை உணவு இல்லை. நெல்லை ஊறவைத்து, சூடாக்கித்தான் தட்டுகிறார்கள். வெல்லமும் காய்ச்சி எடுத்ததுதான். வெளிநாடுகளில் பச்சை உணவு என்றால் சுமார் 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது என்பது பொதுவான வரையறை. தேன் ஊற்றினால் அது வீகனும் இல்லை. வீகன் என்பதற்காகவே போகிறவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு சாப்பிடுவது நல்லது.

நாக்கு ஒத்துக்கொள்ளுமா?

கறி பிரியர்கள் முதலில் தேடுவது வறுவல் வாசனையை. சுமார் 140 டிகிரி சூட்டில் கறியில் உள்ள புரதமும் சர்க்கரையும் சேர்ந்து உண்டாக்கும் மணம் அது. அடுப்பு இல்லாமல் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் கறியில் பிடிக்கிற இன்னொரு விஷயம் கொழுப்பு. அதைத் தேங்காயும் வேர்க்கடலையும் ஈடுகட்டிவிடும். வேர்க்கடலை விளையும் காஞ்சிபுரம் பக்கத்து ஆட்களுக்கு இந்த ருசி ஒன்றும் அந்நியமில்லை. காய்ந்த வேர்க்கடலை 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதமும் உண்டு. முதல் நாள் வயிறு உப்பும், வாயு பிரியும். திடீரென நார்ச்சத்து கூடுவதுதான் காரணம், பயப்பட வேண்டியதில்லை.

காந்திக்கே முடியலையா?

சிறுவயதில் வீட்டுக்குத் தெரியாமல் ஆட்டுக்கறி சாப்பிட்டவர் காந்தி. தின்ற அன்று இரவு, வயிற்றுக்குள் ஆடு கத்துவது போல இருந்ததாக சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே காந்தி 1929 மே மாதம் முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சைக் கீரை, எலுமிச்சை, தேன் என்று சமைக்காத உணவுக்கு மாறினார். 'யங் இந்தியா' பத்திரிகையில் அதைப் பற்றி ஆர்வமாக எழுதினார். ஆகஸ்ட்டுக்குள் உடம்பு தளர்ந்து, வயிற்றுப்போக்கும் வர, கைவிட்டார். கைவிட்டதையும் மறைக்காமல் எழுதினார். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் இந்த நேர்மையைத்தான் காணோம்!

1999-ல் வெளியான ஜெர்மனி ஆய்வு ஒன்று, பல ஆண்டுகளாகப் பச்சை உணவு சாப்பிட்டு வந்த 500-க்கும் மேற்பட்டோரைக் கணக்கில் எடுத்தது. சராசரியாக ஆண்கள் சுமார் 10 கிலோ, பெண்கள் 12 கிலோ இளைத்திருந்தார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தவறியது அல்லது நின்றே போனது. ஒரு வேளை சாப்பாடு வேறு, ஆயுசுக்கும் அதுவே என்பது வேறு.

மாத்திரையை நிறுத்தலாமா?

டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது. மாத்திரையை விட்டால் சர்க்கரை ஏறும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே சோற்றைப் பாதியாகக் குறைத்தால், சிலருக்கு சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரும். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு இளநீர், வாழைப்பழம் போன்றவற்றில் உள்ள பொட்டாசியமே பிரச்சினை. பச்சையாக சாப்பிடக்கூடாதவையும் உண்டு: ராஜ்மா, மரவள்ளிக்கிழங்கு. முளைகட்டிய பயறையும் சுத்தமான தண்ணீரில்தான் கழுவ வேண்டும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய கிருமி 50-க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்தது.

பலர் கவனிக்காமல் விடுவது வைட்டமின் பி12. கறி, மீன், முட்டை, பால் என விலங்கு உணவில் இருந்துதான் இது இயல்பாகக் கிடைக்கும். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால், கறியை விட்டு சில ஆண்டுகள் வரைகூட ஒன்றும் தெரியாது. பிறகு பாதம் மரத்துப் போகும். சுகர் உள்ளவர்கள் "இது சுகராலதான்" என்று விட்டுவிடுவார்கள். பரவலாகக் கொடுக்கப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையே பி12 அளவைக் குறைக்கக்கூடியது. அதனால் இந்த மாத்திரை போடுபவர் முழு வீகனாகவும் மாறினால், பாதிப்பு இரண்டு பக்கமும்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வருபவரிடம் "சாப்பாட்டை இப்படி மாத்தியிருக்கேன்" என்று சொல்லிவையுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது பி12 ரத்தப் பரிசோதனை பற்றியும் கேட்டுவிடுங்கள்.